கட்டுத்தறியில் குதிரை

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், முகவூர், சேத்தூர் பக்கம் எந்தச் சம்சாரி வீட்டுக்குப் போனாலும் கயிற்றுக்குப் பஞ்சம் இருக்காது. கன்றுக்குத் தும்பு, உழவு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, வெள்ளாட்டுக்கு முளைக்குச்சியோடு சேர்ந்த நீளக் கயிறு. எந்த மாட்டை எங்கே எவ்வளவு விட்டுக் கட்ட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பாடம் படித்ததில்லை. எல்லாம் கைப்பழக்கம். அதே கைப்பழக்கம்தான் வீட்டில் ஒரு குதிரை வந்து இறங்கும்போது வினையாகிறது.

குதிரை இப்போது அபூர்வமாகிவிட்டது. இந்தியா முழுவதும் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு, கோயில் கொடைக்கு, பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்ட, சும்மா ஆசைக்கு என்று வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தையில் மார்வாரியும் கத்தியவாரியும் வரிசையாக நிற்கும். அங்கே பிடித்த குதிரை லாரியில் வந்து இறங்குகிறது. தொழுவத்தில் காலியாக ஒரு முளை இருக்கிறது. மாட்டைக் கட்டுவது மாதிரியே கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். அந்த முதல் இரவுதான் குதிரைக்கு மிக ஆபத்தான இரவு.

மாடு கயிற்றின் எல்லை வரை போகும், இழுபட்டதும் நிற்கும், திரும்பி வந்து படுத்து அசைபோடும். மிரண்டால் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கவும் அதற்குத் தெரியும். குதிரைக்குக் கொம்பு இல்லை. திறந்த புல்வெளியில் வாழ்ந்து பழகிய அந்த உடம்பு கண்டுவைத்திருக்கும் முதல் தற்காப்பு இதுதான்: முதலில் ஓடு, என்ன என்பதை அப்புறம் பார். நீண்ட கால், பெரிய நுரையீரல், தலையின் இரு பக்கத்திலும் அமைந்த பெரிய கண்கள் எல்லாம் அந்த ஓட்டத்துக்காகவே அமைந்தவை. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றில் குதிரையும் ஒன்று. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை சுற்றளவை அதனால் பார்க்க முடியும். தெரியாத இடம் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம்.

அவிழ்த்துவிட்ட குதிரைக்கு அந்தப் பின்பக்கக் குருட்டு இடம் ஒரு பொருட்டே இல்லை; கழுத்தை ஒரு சாண் திருப்பினால் தெரிந்துவிடும். குட்டையாகக் கட்டிய குதிரைக்கு அந்த ஒரு சாண் கிடைப்பதில்லை. பின்னால் ஏதோ சரசரக்கிறது, காற்றில் பாலிதீன் பை பறக்கிறது, பார்க்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. குதிரை பின்னோக்கி இழுக்கிறது. விபத்துகளில் பல இந்த ஒரு நொடியில் தொடங்குகின்றன.

இழுக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தலைக்கயிற்றின் மேல்வார் காதுகளுக்குச் சற்றுப் பின்னால், மண்டையோடும் கழுத்தின் முதல் எலும்பும் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். குதிரைக்காரர்கள் அந்த இடத்தைத் தொட்டாலே சில குதிரைகள் தலையை உதறும். அவ்வளவு உணர்ச்சியுள்ள இடம். பின்னால் இழுக்க இழுக்க வார் அங்கே அழுத்துகிறது. பழக்கப்படாத குதிரை அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்காது, எதிர்த்துத் தள்ளும். தள்ளினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் வேகமாக இழுக்கும். முந்நூறு, நானூறு கிலோ உடம்பின் முழு பலமும் விரல் பருமனான ஒரு வாரில் வந்து நிற்கிறது.

இதற்கு மூன்று முடிவுகள் உண்டு. கயிறு பட்டென்று அறுந்தால் குதிரை அதே வேகத்தில் பின்னால் சாயும். பிடரி தரையில் மோதினால் மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறியலாம், தலையைத் தாங்கும் உள்தசை கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டலாம். கயிறு அறாமல் தாங்கினால் கழுத்துத் தசைநார்களும் முதுகும் பாதிக்கப்படும். வழுக்கி விழுந்து கயிற்றில் தொங்குவதும் உண்டு. கட்டிய பொருள் பிடுங்கிக்கொண்டு வந்தால் அதுதான் மகா மோசம். பெஞ்சையோ இரும்பு கேட்டையோ இழுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்கு, தன்னைத் துரத்துவது தன் கழுத்தில் கட்டியிருக்கும் பொருள்தான் என்பது கடைசி வரை விளங்காது.

விலங்கு நடத்தை அறிஞர்கள் இதில் கவனிக்கும் விஷயம் வேறு. குதிரைப் பயிற்சியின் அடிப்படையே அழுத்தமும் விடுதலையும்தான். கயிற்றை லேசாக இழுக்கிறோம், குதிரை ஓரடி முன்னே வைக்கிறது, அந்தக் கணமே தளர்த்துகிறோம். தளர்த்தல்தான் பரிசு. எதைச் செய்தபோது அழுத்தம் நின்றதோ அதைக் குதிரை மறுபடி செய்யும். இப்போது கட்டுத்தறிக்கு வருவோம். குதிரை வெறிகொண்டு இழுத்தது, கயிறு அறுந்தது, அழுத்தம் நின்றது. நாம் புதுக் கயிறு வாங்கப் போகிறோம். குதிரையோ ஒரு பாடத்தை முடித்துவிட்டது. இரண்டு மூன்று முறை அறுத்த குதிரை, பயமே இல்லாத நேரத்திலும் நிதானமாகச் சாய்ந்து சோதித்துப் பார்க்கும். அப்படியானால் அறாத கயிறாகக் கட்டலாமே என்று ஒரு கட்சி. அறாவிட்டால் குதிரை செத்துவிடுமே என்று இன்னொரு கட்சி. உலகம் முழுக்க குதிரை வளர்ப்பவர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இடம் உண்டு, வரிசைதான் முக்கியம்: முதலில் விட்டுக்கொடுக்கப் பழக்குவது, பிறகு அறுந்துபோகிற மாதிரிக் கட்டுவது. பழகிய குதிரை சாதாரணமாக அறுக்காது; உயிர்ப்பயத்தில் இழுத்தால் அறுந்துவிடும்.

பழக்குவது எப்படி? முதலில் எதிலும் கட்டுவதே இல்லை. தலைக்கயிற்றை மாட்டி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல இழுத்து, விட்டுக்கொடுத்ததும் தளர்த்தும் பாடம். அது சுலபமாக வந்த பிறகு கயிற்றைச் சுவரிலுள்ள வளையத்தில் வெறுமனே நுழைத்து, நுனியை மனிதர் பிடித்துக்கொள்வது. குதிரை பின்வாங்கினால் கயிறு வளையத்தில் வழுக்கிப் போகட்டும். ஆனால் கொஞ்சம் உராய்வு இருக்கும். இழுத்தால் சுவர் மாதிரி முட்டாது, முன்னே வந்தால் சுகம் என்று குதிரை தானே கண்டுபிடிக்கும். இடையில் உடம்பு தேய்ப்பது மாதிரி வேலையும் நடக்கலாம். முதல் நாள் ஐந்து நிமிடம். நன்றாக நிற்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். தவித்துக் கால் மாற்றத் தொடங்கிய பிறகு அவிழ்த்தால் தவிப்புக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். சிலர் வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே பழைய டியூபைக் கட்டுவார்கள். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நல்ல யோசனைதான், ஆனால் டியூப் வெடித்தால் அதன் நுனி கண்ணில் அடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கட்டுவது என்பதில் கிரேக்கர் ஜெனோஃபன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக இருந்தார். குதிரையேற்றம் பற்றிய அவருடைய நூலில், தலைக்கு மேலான உயரத்தில் கட்டச் சொல்கிறார். முகத்தில் ஏதாவது உறுத்தினால் குதிரை இயல்பாகத் தலையை மேலே தூக்கி உதறும். மேலே கட்டியிருந்தால் உதறும்போது கயிறு இறுகாமல் தளரும் என்பது அவர் விளக்கம். இன்றைய கையேடுகள் கழுத்தும் முதுகும் சேரும் திமில் உயரம் அல்லது கண் உயரம் என்கின்றன. தாழ்வாக, மாட்டு முளை மாதிரித் தரையோடு கட்டினால் இரண்டு கேடு. இழுக்கும்போது முழங்காலை ஊன்றி முழு பலத்தையும் திரட்ட முடியும். தொய்ந்த கயிற்றில் முன்னங்காலும் சிக்கும். காலில் சிக்கிய கயிறு குளம்புக்கு மேல் தோலை உரித்துவிடும். சாணி மண்ணில் அந்தக் காயம் பட்டால் வருவது ரணஜன்னி. வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். தடுப்பூசி போடாத குதிரை கட்டுத்தறியில் நிற்கவே கூடாது என்று நான் சொல்வேன்.

முடிச்சிலிருந்து தாடை வரை கயிறு இரண்டு, இரண்டரை அடி போதும். மூக்கு முழங்காலுக்குக் கீழே போக முடியாத அளவு. கயிறு பருத்தியாக இருக்கட்டும். ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகளுக்குக் குறைவா? மெத்தென்ற நூல்கயிறு கையையும் அறுக்காது, குதிரையின் தோலையும் சுடாது. நைலான் அறாது, உராய்ந்தால் நெருப்பாய்ச் சுடும். தேங்காய் நார்க்கயிறு அறும், ஆனால் முகத்தைச் சொறசொறவென்று தேய்த்துப் புண்ணாக்கும். மூக்கின் மேல் வரும் பட்டையில் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை நாலு சுற்றுச் சுற்றிவைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

கயிற்றை நேராக வளையத்தில் கட்டாமல், வளையத்தில் முதலில் பழைய சணலில் ஒரு சிறு கண்ணி போட்டு, அந்தக் கண்ணியில் கயிற்றைக் கட்ட வேண்டும். உயிர்ப்பயத்தில் இழுத்தால் அறுவது அந்தச் சணல்தான். இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு மெலிதாகத் தெரிந்தாலும் குதிரையைத் தாங்கிவிடும். அதைப் போட்டுவிட்டு பாதுகாப்பு செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

முடிச்சு, நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். செய்முறை இது: கயிற்றின் நுனியைக் கண்ணிக்குள் விட்டு வெளியே எடுங்கள். நுனிப்பக்கக் கயிற்றில் ஒரு வளைவு போட்டு, அந்த வளைவைக் குதிரைப்பக்கக் கயிற்றின் மேல் குறுக்காக வையுங்கள். இப்போது நுனியை முழுதாக உருவாமல், இரண்டாக மடித்து, குதிரைப்பக்கக் கயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் அந்த வளைவுக்குள் மேலே எடுத்து இறுக்குங்கள். குதிரை இழுத்தால் முடிச்சு இறுகும், தொங்கும் நுனியை நீங்கள் இழுத்தால் சரேலென்று பிரிந்துவிடும். கெட்டிக்காரக் குதிரைகள் நுனியைப் பல்லால் கவ்வித் தாங்களே அவிழ்த்துக்கொள்ளும். நுனியை நீளமாக, எட்டாத பக்கம் தொங்கவிடுவதே வழி. கட்டும்போது ஒரு விரல்கூட வளைவுக்குள் இருக்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. குதிரை இழுத்த இழுப்பில் விரல் துண்டாகிப் போனவர்கள் உலகில் எந்த நாட்டிலும் உண்டு.

கடிவாளத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள். சினிமாவில் கதாநாயகன் குதிரையிலிருந்து குதித்து, கடிவாள வாரை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவான். நிஜத்தில் குதிரை ஒருமுறை இழுத்தால் வாய்க்குள் இருக்கும் இரும்பு நாக்கையும், பல் இல்லாத தாடை ஓரத்தையும் கிழித்துவிடும். மாட்டுக்கு மூக்கில் வலிக்கும் என்பதால் மூக்கணாங்கயிறு அதை அடக்குகிறது. குதிரைக்கு வாயில் வலித்தால் அது அடங்காது, மேலும் மிரளும்.

மரத்தில் கட்டலாம், என்ன மரம் என்று பார்த்து. கோயில் நந்தவனத்திலும் சாலை நடுவிலும் அழகுக்கு வளர்க்கும் அரளி குதிரைக்கு எமன். இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதன் இலை, பூ, பட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. காய்ந்த இலையிலும் போகாது. ஒரு கைப்பிடி இலை ஒரு பெரிய குதிரையைச் சாய்க்கப் போதும். கட்டிப்போட்டுப் பொழுதுபோகாத குதிரை எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், கழுத்து எட்டும் தூரத்தில் அரளி இருக்கவே கூடாது. மின்கம்பம், அதன் தாங்குகம்பி, டிராக்டர் டிரெய்லர், பைக் எதுவும் கட்டுவதற்கு உரியதல்ல.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, நம்ம குதிரை சாதுவாத்தான் நிக்கிது" என்பார்கள். சாதுவாக நிற்பது வேறு, அமைதியாக இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டக் கூடியது நாடித்துடிப்பு. ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ஒரு நரம்பு மாதிரி நாடி தட்டுப்படும். அசையாமல் நிற்கும் குதிரைக்கு அங்கே எழுபது எண்பது ஓடினால் அது நிற்பது பயத்தாலோ வலியாலோதான். நாடி பார்க்கத் தெரியாவிட்டால் முகத்தைப் பார்க்கலாம். 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தில் வலியை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். விறைத்துப் பின்னே திரும்பிய காது, இடுங்கிய கண், கண்ணுக்கு மேலே புடைத்த எலும்பு மேடு, இறுகிய தாடைத் தசை, பிதுங்கிய மோவாய், விறைத்த மூக்குத்துளை என ஆறு அடையாளங்கள். அமைதியான குதிரை தலையைத் திமில் மட்டத்துக்குத் தாழ்த்தி, கீழுதடு தொங்க, ஒரு பின்னங்காலை மடித்து ஊன்றி நிற்கும்.

பழைய பயிற்சியாளர்கள் சிலர் முரட்டுக் குதிரையைக் கெட்டியான தூணில் கட்டி, அது போராடிக் களைக்கும் வரை விட்டுவிடுவார்கள். கடைசியில் குதிரை நின்றுவிடும். 1967இல் அமெரிக்காவில் செலிக்மேனும் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், எதைச் செய்தாலும் துன்பத்திலிருந்து தப்ப முடியாது என்று கண்ட விலங்கு, தப்ப வழி கிடைத்தபோதும் முயலாமல் கிடந்தது. தூணில் களைத்து நிற்கும் குதிரையிடமும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். என்றாவது ஒருநாள் பயம் அந்தச் சோர்வையும் மீறினால், குதிரை ஏன் திடீரென்று வெறிகொண்டது என்று யாருக்கும் விளங்காது.

அமைதிப்படுத்தச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும்போது பெரும்பாலும் கழுத்தும் முதுகும் சேரும் திமில் பக்கத்தையே பல்லால் கவ்விச் சொறியும். பிரான்சின் காமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் அந்த இடத்தை மனிதக் கையால் சொறிந்து பார்த்தபோது துடிப்பு இறங்கியதாக 1993இல் எழுதினார்கள். உடம்பின் வேறிடத்தில் சொறிந்தபோது அப்படி இறங்கவில்லை. நாமோ குதிரையைக் கண்டதும் நெற்றியிலும் மூக்கிலும் படபடவென்று தட்டிக்கொடுக்கிறோம். அது குதிரைக்குக் கண் தெரியாத இடம்.

கட்டுகிறவரின் மனநிலையும் கயிற்றின் வழியே போகிறது. 2009இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், குதிரையை ஒரு பாதையில் பலமுறை நடத்திச் சென்றவர்களிடம், கடைசி முறை போகும்போது ஒருவர் குதிரைக்கு எதிரே குடையை விரிப்பார் என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் அந்த முறை மனிதரின் துடிப்பும் ஏறியது, குதிரையின் துடிப்பும் ஏறியது. குதிரைக்குக் குடை பற்றி எதுவும் தெரியாது. பிடித்திருந்தவர் பயந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

நம் மாவட்டத்தில் குடையைவிடப் பெரிய சங்கதி பட்டாசு. சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் வெடி இல்லாமல் கொடையும் கல்யாணமும் நடக்குமா? குதிரையின் காது சுமார் 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு 20,000தான் எல்லை. சரவெடி வெடிக்கும் இடத்தில் குதிரையைக் கட்டிப்போடுவது எந்த முடிச்சாலும் சரிப்படாத காரியம். ஊர்வலத்துக்கு வந்த குதிரையை, வெடி போடும் நேரத்தில் பழகிய ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். கையில் பிடித்த கயிற்றை விட்டுக்கொடுத்துச் சுற்றிவரச் செய்யலாம். கால் நகர்ந்தாலே குதிரைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இதுவரை சொன்னது நிமிடக் கணக்கில் நடக்கும் ஆபத்து. நாள் கணக்கில் கட்டிப்போடுவதன் ஆபத்துக்குப் பாண்டிய நாடே சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி பாண்டியனுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். அதே காலத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர் அரசன் ஈராயிரத்துக்கும் மேல் வாங்கினால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்த ஆளை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடவில்லை, செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்பது அவர் சொல்லும் காரணம். தட்பவெப்பமும் ஒத்துக்கொள்ளவில்லை, சோற்றோடு இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார்.

வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் துல்லியம். வந்திறங்கிய குதிரைகளை, அவை கொழுக்க வேண்டும் என்பதற்காக, நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் கொண்டு கட்டிவைக்கிறார்கள். வறுத்த தானியமும் நெய்யில் பிசைந்த தீனியும் காய்ச்சிய பாலும் கொடுக்கிறார்கள். அதன்பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் வீரர்கள் ஏறிக்கொண்டு பேய் மாதிரி விரட்டுகிறார்கள். துடிப்பான குதிரைகள் கொஞ்ச நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போகின்றன என்பது அவர் சொல்வதன் சாரம். அவர் இங்கே வந்து பார்த்தவரல்லர். அயல்நாட்டாரின் இளக்காரமும் அந்த எழுத்தில் கலந்திருக்கிறது. ஆனாலும் அவர் வர்ணிக்கும் வரிசையை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொன்னால், நோய்களை விரல்விட்டு எண்ணிவிடுவார்.

மாடு நான்கு அறை வயிற்றை நிரப்பிக்கொண்டு, படுத்தபடி மணிக்கணக்கில் அசைபோட்டுச் செரிக்கும். கட்டுத்தறி அதற்கு ஒத்துப்போகிறது. குதிரையின் வயிறு உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான். அதில் அமிலம் இரவும் பகலும் நிற்காமல் சுரக்கும். அமிலத்தைச் சமன் செய்யும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். விட்டுவிட்டால் நாளில் பதினாறு மணி நேரம் வரை மேய்கிற பிராணி அது. காலையிலும் மாலையிலும் இரண்டு வேளை தீனி வைத்துவிட்டு நடுவே வெறும் வாயோடு கட்டிப்போட்டால் இரைப்பையின் மேல்பகுதியில் புண் வருகிறது. தானியம் அதிகமானால் மாவுப்பொருள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து, வயிற்றுவலியும் குளம்புக்குள் அழற்சியும் வருகின்றன. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. கொள்ளு நல்ல தீனிதான். வேலை செய்யாமல் நிற்கும் குதிரைக்குப் படி கணக்கில் கொட்டினால் நஞ்சு.

முழுத் தீனியோடு ஓய்வில் நின்ற குதிரையைத் திடீரென்று விரட்டினால் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதையும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் வழக்கமான தானியமும் கொடுத்துத் திங்கள் காலை வண்டியில் பூட்டிய ஐரோப்பிய இழுவைக் குதிரைகளுக்கு இது வந்ததால் அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். பின்தொடை பலகை மாதிரி இறுகும், வியர்த்துக் கொட்டும், நடக்க மறுக்கும், சிதைந்த தசையின் நிறமி கலந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகமும் பழுதாகும். ஒருநாள் ஓய்வுக்கே அந்தக் கதி என்றால், நாற்பது நாள் கட்டிக் கொழுக்கவைத்த குதிரையைப் போர்க்களத்தில் விரட்டினால் என்ன ஆகும்? காயலில் இறங்கிய குதிரைகள் எல்லாம் இதனால்தான் செத்தன என்று சொல்ல முடியாது. வெயில், கடற்பயணம், தொற்று எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனால் கட்டிவைத்துக் கொழுக்கவைப்பது மாட்டுக்கான முறை.

பாண்டியனின் லாயம் என்றாலே நமக்கு மாணிக்கவாசகர் கதை நினைவுக்கு வரும். கயிறு மாற்றிக் கொடுத்த குதிரைகள் ராத்திரியில் நரிகளாகி, கட்டியிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிய கதை. புராணம் புராணமாக இருக்கட்டும். புதுக் குதிரை வந்த இரவில் லாயத்தில் ரகளை நடக்கும் என்பது அந்தக் காலத்துக் குதிரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தூக்கம் இன்னொரு சங்கதி. குதிரை நின்றபடியே தூங்கும் என்று எல்லோரும் சொல்வோம். பாதி உண்மை. முழங்கால் சில்லைப் பூட்டிக்கொள்ளும் தசைநார் அமைப்பால் நின்றபடி கண்ணயர முடியும். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். இரண்டரை அடிக் கயிற்றில் அது படுக்க முடியாது. பல நாள் படுக்காத குதிரை நின்றபடியே சொக்கி, முன்கால் மடங்கி விழும். முன்னங்கால் மூட்டின் முன்பக்கம் காயம் இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

ஆகவே நான் மேலே சொன்ன குட்டைக் கட்டு ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்: லாடம் அடிக்க, உடம்பு தேய்க்க, ஊசி போட. இரவுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையோ, தோப்பின் மூலையில் முள்கம்பி இல்லாத வேலியோ வேண்டும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய லாயங்களின் உபாயம் ஒன்று இருக்கிறது. கயிற்றைத் தொட்டியிலுள்ள வளையத்தில் நுழைத்து, மறுநுனியில் ஒரு கனமான மரக்குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். குதிரை முன்னே வந்தால் குண்டு கீழே இறங்கும். கயிற்றில் தொய்வே விழாது. படுத்தால் குண்டு மேலே ஏறிக் கயிறு இடம் கொடுக்கும். குதிரைப்படைகள் வட இந்தியாவில் முன்னால் தலைக்கயிறும் பின்னால் கால்கயிறும் போட்டுத் தரை முளைகளில் வரிசையாகக் கட்டின. குதிரை படுக்கலாம், பக்கத்துக் குதிரையை உதைக்க முடியாது. பின்னங்கால் கயிறு தோலை அறுக்கும் என்பதால் எந்நேரமும் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படைக்கு ஆள் இருந்தது. நமக்கு?

லாரியில் வரும் குதிரைக்கு வேறொரு கேடு. தலையைத் தாழ்த்த முடியாமல் உயரக் கட்டி ராத்திரி முழுதும் கொண்டுவருகிறார்கள். மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் வடியும். ஆஸ்திரேலிய ஆய்வுகளில், தலையை உயர்த்திக் கட்டி ஒருநாள் வைத்த குதிரைகளின் மூச்சுக்குழாயில் கிருமிகள் பெருகியது தெரிந்தது. பயணத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவுக்கு இது ஒரு வாசல். எனவே வந்து இறங்கியதும் முளையில் கட்டாமல், புல்லைத் தரையில் போட்டு, தலை தாழ்த்தித் தின்னவிட வேண்டும். தண்ணீர் முதலில். பெரிய குதிரை சாதாரண நாளிலேயே 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், நம் சித்திரை வெயிலில் இருமடங்கு ஆகும்.

ஒற்றைக் குதிரையாகக் கட்டியிருப்பதும் ஒரு கொடுமைதான். தனியே நிற்கும் குதிரைகள் சில, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். சில தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும். கெட்ட பழக்கம் என்று திட்டுகிறோம். கூட்டமும் மேய்ச்சலும் இல்லாத வாழ்க்கையின் விளைவு அது. பிரிட்டனில் 2002இல் வெளியான ஆய்வில் லாயத்துக்குள் ஒரு கண்ணாடியை மாட்டியதும் தலையாட்டல் வெகுவாகக் குறைந்தது. பக்கத்தில் இன்னொரு குதிரை தெரிந்தால் இன்னும் நல்லது, உதை எட்டாத தூரத்தில். கண்ணாடியை முட்டி உடைத்துக்கொள்ளாதபடி உடையாத தகடாகப் பார்த்து மாட்ட வேண்டும்.

சட்டமும் இதில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான கயிற்றிலோ சங்கிலியிலோ நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டிவைப்பதை வதை என்கிறது. எத்தனை அடி, எத்தனை மணி என்று அது சொல்லவில்லை. மாட்டுக்கு நியாயமான நேரம் குதிரைக்கு நியாயமாக இருக்காது.

கட்டியிருக்கும் குதிரை தீனியைத் தொடாமல், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் தரையைப் பறித்து, சாணமும் போடாமல் இருந்தால் வயிற்றுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கயிற்றை அவிழ்த்து, தீனியை எடுத்துவிட்டு, மருத்துவருக்குப் போன் போடுங்கள். கட்டிலேயே உருண்டால் கயிறு வேறு கழுத்தை நெரிக்கும். மருத்துவர் கேட்பது நான்கு விவரம்: துடிப்பு எத்தனை, ஈறு என்ன நிறம், கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, இன்று என்ன தின்றது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள கால்நடை மருத்துவர்கள் நாளெல்லாம் பார்ப்பது மாடும் ஆடும் நாயும்தான் என்பதால், குதிரையை வாங்கும் முன்பே அவர்களில் யார் குதிரை பார்ப்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அறுவை தேவைப்படும் அளவு போனால் கிட்டத்தில் இருப்பது திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரை ஏறக்கூடிய வண்டி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே நாளில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.